பின்னிருக்கையின் வேகம்

குருக்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு அவசரத்தில் பிறந்த உறவு. 1927-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் ஷூல்ட்டே என்ற அமலமரித் தியாகிகள் சபைக் குரு 'மிவா' என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்க மறைத்தளமொன்றில் நோயுற்ற அவருடைய நண்பர், உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வண்டியில்லாமல் இறந்துபோனார். அந்தத் துயரமே அவரை இப்பணிக்குத் தூண்டியது. அன்றுமுதல் இன்றுவரை உலகின் எத்தனையோ ஏழை மறைத்தளங்களுக்கு மிதிவண்டி, படகு, மோட்டார் சைக்கிள் என்று வண்டிகள் சென்றிருக்கின்றன. ஆகவே, குருவின் வண்டி உல்லாசத்திற்காக வந்ததன்று. சாகக் கிடப்பவர் மூச்சடங்குமுன் போய்ச் சேருவதற்காக வந்தது.

என் வண்டியும் அந்த மரபைச் சேர்ந்ததுதான். பழைய ஸ்ப்ளெண்டர். பக்கப்பையில் நோயில்பூசுதல் எண்ணெய்ச் சிமிழ், செபப் புத்தகம், ஒரு மழைச்சட்டை. தென்காசிக்குக் கிழக்கே, சுரண்டையைத் தாண்டிய கரிசலும் செம்மண்ணும் கலந்த பகுதியில் என் பங்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று கிளைப்பங்குகளில் திருப்பலி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம். இடையில் ஒருவர் நிறுத்தி, "சாமி, ஒரு வார்த்தை" என்றால் அடுத்த ஊரில் மணி அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். இந்தச் சாலைகளில் எங்கே பள்ளம், எங்கே வேகத்தடை என்பதை என் கைகளே அறியும். ஆனால் சாலையோரத்தில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

அவர் எங்கள் ஓய்வுபெற்ற வேதியர். வயது எழுபத்தெட்டு. நாற்பது ஆண்டுகள் இதே கிளைப்பங்குகளை மிதிவண்டியில் சுற்றியவர். குரு வராத ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாடு நடத்தியவர். இறந்தவர்களுக்கு மண் போட்டவர். இன்று பாட்டிகளாகிவிட்ட பெண்களுக்குப் புதுநன்மை மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர். அவருக்குக் கண்ணில் நீரழுத்த நோய். ஒரு கண்ணில் பார்வை அறவே போய்விட்டது. மற்றதில் பக்கப்பார்வை சுருங்கி, நேர் எதிரே ஒரு சிறு வட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. குழாய் வழியாகப் பார்ப்பது போல் என்று அவர் சொல்வார். போன பார்வையை எந்த மருத்துவமும் மீட்டுத் தராது. இருப்பதைக் காக்கவே காலையும் மாலையும் சொட்டு மருந்து.

அந்தச் சிறு வட்டத்தைக் கொண்டு அவர் நாள்தோறும் தவறாமல் படிக்கும் பகுதி ஒன்று உண்டு: செய்தித்தாளில் வரும் அணை நீர்மட்டம். நம் பகுதி விவசாயிகளுக்கு அது ஏறக்குறைய ஒரு திருப்புகழ்மாலை. கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஒப்பிடுவார். குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி என்ற முழுக் கொள்ளளவு அவருக்குப் பத்துக் கட்டளைகள் போல மனப்பாடம். ஒருநாள் திருப்பலிக்குப்பின், "குண்டாறு எப்படி இருக்கும் சாமி?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று எண்ணினேன். இல்லை. செங்கோட்டைக்கு அருகில் இருக்கும் அந்த அணையை அவர் பார்த்ததே இல்லை. குற்றாலத்திற்கே ஆயுளில் இரண்டு முறைதான் போயிருக்கிறார். இரண்டு முறையும் பள்ளிப் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பார்த்ததில் அருவியைப் பார்க்கவில்லையாம்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம். கிழமையைத் தேர்ந்தவர் அவர்; சனி ஞாயிறுகளில் குற்றாலத்தில் கால்வைக்க இடமிராது என்பது அவர் வாதம். காலைத் திருப்பலி முடிந்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அவருக்கொரு தலைக்கவசம் இரவல் வாங்கி, ஆறரை மணிக்கு வண்டியை எடுத்தேன். சுற்றி வந்த தூரம் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்கு மாலைவரை ஆயிற்று.

முதல் நிறுத்தம் இரண்டாவது கிலோமீட்டரிலேயே வந்துவிட்டது. தோளில் தட்டினார். "கொஞ்சம் நிப்பாட்டுங்க சாமி." நிறுத்தினேன். பின்னிருக்கையில் இருப்பவருக்கு முன்னால் தெரிவது ஓட்டுபவரின் முதுகு. உலகம் இருபக்கங்களிலும்தான் ஓடுகிறது. அவரிடமோ பக்கப்பார்வை இல்லை. ஓடும் வண்டியில் அவர் கண்டது என் சட்டையின் தையலை மட்டுமே. வண்டி நின்று, அவர் இறங்கி, முகத்தை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பும்போதுதான் வயலும் பனையும் மலையும் துண்டுதுண்டாக அந்த வட்டத்துக்குள் வந்து ஒன்றுசேரும். ஓர் இடத்தைப் பார்த்து முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அதன்பின், தட்டினால் நிறுத்துவது, அவர் 'போகலாம்' என்றால் மட்டுமே எடுப்பது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் ஏற்பட்டது.

சாம்பவர்வடகரையை நெருங்கும்போது அவருக்கு முன் நான் நிறுத்தினேன். காற்றில் முதல் ஈரம் முகத்தில் பட்டது. பேருந்தில் வருபவர்களுக்கு இது தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் வருபவர்களுக்குத் தெரியவே தெரியாது. மேற்குத்தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நின்று தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தின் பக்கமே இறக்கிவிடுகிறது. அந்தச் சுவர் செங்கோட்டைக்கு மேற்கே சற்றுத் தாழ்ந்து கணவாயாகிறது. அவ்வழியே மேகமும் காற்றும் உள்ளே நுழைகின்றன. செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று மலையடிவாரத்துக்கு அவை சாரலைத் தெளிக்கின்றன. சில கிலோமீட்டர் கிழக்கே வருவதற்குள் மேகம் கரைந்து, காற்று மட்டும் மிஞ்சுகிறது. ஆடியில் தென்காசி ஒரு தீவு என்றே சொல்லலாம். நீரால் சூழப்பட்ட நிலமன்று. வறண்ட நிலத்தால் சூழப்பட்ட ஈரம்.

என் பங்கு மக்கள் அந்தத் தீவுக்கு வெளியே இருப்பவர்கள். ஈரத்தை இறக்கிவிட்டு வரும் காற்று எங்கள் ஊர்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, புழுதியைக் கிளப்புகிறது. எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அதுவும் வந்தால்தான். மற்ற நாள்களில் பெண்கள் வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆண்கள் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். மலையில் மேகம் கறுத்துக் கிடப்பது எங்கள் ஆலய முற்றத்திலிருந்து தெளிவாகத் தெரியும். செல்வந்தன் வாயிலில் கிடந்த இலாசரின் உவமையை நான் மறையுரையில் சொல்லும்போது, மக்கள் சன்னல் வழியே மேற்கே பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தது. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் நாயகிக்கு இதுவே ஊர் என்பதால் பலருக்கும் பெயர் பழக்கம். பூக்காலத்தில் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சூரியகாந்தி நாள் முழுவதும் கதிரவனைத் தொடர்ந்து திரும்பும் என்பது மொட்டுப் பருவத்துக்கே பொருந்தும். நன்கு மலர்ந்து முதிர்ந்த பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். நாங்கள் கிழக்கிலிருந்து வந்தவர்கள். எனவே வயல் முழுவதும் எங்களைப் பார்த்து நின்றது. வேதியர் முகத்தைத் திருப்பத் திருப்ப, அந்தச் சிறு வட்டத்துக்குள் முகம் காட்டும் பூக்கள் வந்துகொண்டே இருந்தன. "ஒண்ணுகூட முதுகு காட்டலியே" என்றார். அங்கே இருபது நிமிடம் நின்றோம். நான் கைக்கடிகாரத்தை இருமுறை பார்த்தேன், பழக்கம்.

அப்போதுதான் தொடக்கநூலின் 33-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுப் பிரிவுக்குப்பின் ஏசாவும் யாக்கோபும் கட்டித் தழுவி அழுகிறார்கள். சேர்ந்தே பயணம் செய்வோம் என்று ஏசா அழைக்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால் கொடுப்பவை, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துவிடும். நீர் முன்னே செல்லும், நான் இவர்களின் நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறார். குருமடத்தில் இப்பகுதியை விளக்கிய பேராசிரியர், இது அண்ணனிடமிருந்து நழுவ யாக்கோபு கண்ட தந்திரம் என்றார். இருக்கலாம், யாக்கோபு சொன்னபடி சேயிருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போனது உண்மைதான். ஆனாலும் தந்திரமாகச் சொன்ன சொல்லிலும் ஒரு மேய்ப்பனின் அறிவு இருக்கிறது. தன் விருப்பம்போல் பயணம் செய்வது என்று நாம் சொல்கிறோமே, அதில் 'தன்' என்பது யார்? வண்டியின் பிடியைத் திருகுபவனா, அல்லது அவனோடு வருகிறவர்களில் மிக மெல்ல வருபவரா? கொசுகே கோயாமா என்ற ஜப்பானிய இறையியலாளர், மனிதன் நடக்கும் வேகமான மணிக்கு மூன்று மைலே கடவுளின் வேகம் என்று எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், மனித வாழ்வு ஓயாமல் வேகமெடுப்பதையும் படைப்பின் இயல்பான நிதானத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினார். இவற்றையெல்லாம் அன்பியக் கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். வேகமானியின் முள் இருபத்தைந்தைத் தாண்டாமல் ஒரு நாள் முழுவதும் ஓட்டுவது அந்த விளக்கத்தைவிடக் கடினம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

தென்காசியில் புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் சற்றுநேரம் செபித்தோம். பின்னர் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் முன் அவர் தட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில்; சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்பவர் யாராயினும் அவர் பாதத்தில் விழுந்து வணங்குகிறேன் என்று அந்த அரசன் கல்வெட்டில் எழுதிவைத்தான். கட்டியவன் இன்னும் பிறவாத ஒருவனை வணங்குகிறான்! நம் ஆலயங்களில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் நன்கொடையாளர் பெயர் எழுதும் வழக்கத்தை எண்ணிக்கொண்டேன். வாசலில் வீசிய காற்று வேதியரின் வேட்டியைக் கொடிபோல் பறக்கவிட்டது. இதே காற்றுதான் நம் ஊருக்கும் வருகிறது என்றேன். "இங்ஙன குளிருது, அங்ஙன கண்ணுல மண்ணு" என்றார் அவர்.

இலஞ்சி வழியாகக் குற்றாலம். சாரல் இப்போது தூறலாகி, மழைச்சட்டையை அவருக்குப் போட்டுவிட்டேன். குற்றாலத்தைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது? திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தம் குறவஞ்சியில் எழுதிவிட்டார், ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும்வரை இங்கே இருந்து, கம்பனின் ஒரே பாட்டில் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது எப்படி என்று நண்பர்களுக்குக் காட்டினார். நான் சொல்ல விரும்புவது பொங்குமாங்கடலைப் பற்றி மட்டும். பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. இடையில் பாறையில் ஆழமான ஒரு பள்ளம். நீர் அதில் விழுந்து, பொங்கி, வேகத்தைத் தணித்துக்கொண்டு, பின்னரே பாறையில் பரவிக் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையெனில் அருவியின் கீழ் யாரும் நிற்க முடியாது. நூறு வயதுக் கிழவியும் கைக்குழந்தையும் அதன் கீழ் நிற்க முடிவது, மேலே கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் நீர் தன் வேகத்தை விட்டுவிட்டு வருவதால்தான்.

வேதியரைக் கைப்பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றேன். அருவியின் கீழே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டே நிற்கிறார்கள். பார்வையுள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. பத்து நிமிடம் கழித்து, பற்கள் தந்தியடிக்க வெளியே வந்தவர் என்னைத் தேடவில்லை. ஈரப்பாறையில் இரண்டடி தானாகவே நடந்தார்.

ஐந்தருவியைப் பார்த்தோம். சாலையோரக் கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருந்தன. மகளுக்கென்று அவர் கால் கிலோ வாங்கினார். பழைய குற்றாலம் போகலாமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். 2024 மே 17 அன்று அங்கே திடீரெனக் காட்டாற்று வெள்ளம் இறங்கியதையும் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததையும் அவர் செய்தித்தாளில் படித்திருந்தார். மலைமேல் எங்கோ பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களைத் தேடி வந்தது. நீர் எப்போதும் பொங்குமாங்கடலில் தங்கி வருவதில்லை. அந்தப் பிள்ளைக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். வண்டியில் அமர்ந்தபடியே சொன்னோம்.

பிரானூரை நாங்கள் கடந்தபோது நண்பகல். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை மறைந்து எழுபது ஆண்டுகள் நெருங்கினாலும் 'பார்டர்' என்ற பெயர் பரோட்டாக் கடைகளில் நிலைத்துவிட்டது. கோழி பொரியும் மணம் சாலையை மறித்து நின்றது. வெள்ளிக்கிழமை! கிழமையைத் தேர்ந்தவர் பின்னால் இருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செங்கோட்டையில் ஒரு சிறு கடையில் இட்லி சாப்பிட்டோம். குற்றாலக் காற்றில் சுத்தபோசனம் காப்பது என்ன வகைத் தவம் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

குண்டாறு சிறிய அணை. 36 அடி என்றால் நம் ஊர்க் கோபுரத்து மணிமேடை உயரம்தான் இருக்கும். ஆனால் பருவம் தொடங்கியதும் மாவட்டத்தில் முந்தி நிரம்புவது பெரும்பாலும் அதுவே. நாங்கள் போனபோது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மலை; மலையில் பாதி மேகம். அவர் இறங்கி, கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இடக்கோடியிலிருந்து பார்க்கத் தொடங்கினார். முகம் ஓர் அங்குலம் திரும்பும், நிற்கும், மறுபடி திரும்பும். வழிந்தோடும் நீர்வரை வந்ததும் நின்றார். திரும்பவும் இடக்கோடிக்குப் போனார். நான்கு முறை அவ்வாறு பார்த்தார். திருப்பலியில் நற்கருணையை உயர்த்தும்போது பின்வரிசையில் நின்று அவர் இப்படித்தான் முகத்தைத் திருப்பி அதைத் தேடுவார். எழுந்தேற்றத்தை நான் விரைவாக முடிப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அருகே நின்ற ஒருவரிடம், "எவ்வளவு தம்பி இருக்கு?" என்று கேட்டார். "முப்பத்தாறு தாத்தா, நெறஞ்சிருச்சு" என்றார் அவர். வேதியர் தலையசைத்தார், தாம் சொன்ன விடையை ஆசிரியர் சரியென்று ஒப்புக்கொண்டதுபோல.

"இது எல்லாம் எங்க சாமி போகுது?"

கால்வாய்க்கும் குளங்களுக்கும் போக மிச்சம் சிற்றாற்றை நாடும் என்றேன். குற்றாலத்தில் அவர் தலையில் விழுந்த நீரும் அதே சிற்றாறுதான். தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகளில் தேங்கி, குளங்களுக்குப் பிரிந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழியில் உள்ள வயல்களுக்கெல்லாம் பங்கு உண்டு. எங்கள் ஊர்க் குளத்துக்கு? அவர் அதைக் கேட்கவில்லை. விடை இருவருக்கும் தெரியும்.

பண்பொழியில் திருமலைக் குமாரசாமி கோயில் குன்றைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, மேக்கரை சென்றோம். அடவிநயினார் அணை இன்னும் நிரம்பவில்லை. அதையும் பார்த்தார், ஆனால் குண்டாற்றில் நின்ற நேரம் இங்கே நிற்கவில்லை. அச்சன்புதூர் வழியாக ஆய்க்குடி. கடற்படைத் தேர்வொன்றில் விழுந்து கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துபோன எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இவ்வூரில்தான் இருக்கிறது. அசைய முடியாத ஒருவர் கட்டிலில் இருந்தபடி ஆயிரக்கணக்கானோரை நடக்கவைத்த அதன் கதை தனிக் கட்டுரைக்குரியது. வாசலில் வண்டியை மெதுவாக்கினேன்; உள்ளே செல்ல நேரமில்லை.

சாம்பவர்வடகரைக்கு இப்பால் தார்ச்சாலையில் ஈரம் முடிந்தது. கோடு கிழித்தாற்போல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு புளியமரத்தில் இலை நனைந்திருந்தது, நாலைந்து மரம் தள்ளி நின்றதில் புழுதி படிந்திருந்தது. மழைச்சட்டையைக் கழற்றினோம். சற்று தூரம் சென்றதும் தோளில் மீண்டும் தட்டு விழுந்தது.

பார்க்க அங்கே எதுவுமில்லை. காய்ந்த நிலம், உடைமரங்கள், ஒரு காற்றாலை. அவர் இறங்கி மேற்கே திரும்பி நின்றார். மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று அவருடைய ஈரச் சட்டையை மெல்ல உலர்த்தியது.

"குண்டாறு எந்தப் பக்கம் சாமி?"

அவர் கையைப் பிடித்துக் கணவாயின் தாழ்வை நோக்கி நீட்டினேன். கையை அப்படியே வைத்துக்கொண்டு, முகத்தை அதன் வழியே மெல்லத் திருப்பினார். மாலைத் திருப்பலிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு நானும் இறங்கி நின்றேன்.